இருபத்திரண்டு இடங்கள்

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஆண்கள் வார்டில், பயிற்சி மாணவி ஒருத்தியின் இடது ஆள்காட்டி விரலில் பயன்படுத்திய ஊசி ஒன்று குத்தியது.

ஊசி குத்திக்கொள்வது எங்கள் தொழிலில் பெரிய விஷயம் இல்லை. சமைக்கிறவர்களுக்குக் கை சுடுவது மாதிரி. பத்தொன்பது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். எனக்கே நான்கு தடவை குத்தியிருக்கிறது. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், விரலை நசுக்கக் கூடாது, வார்டுப் பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவளும் அதையேதான் செய்தாள். நான் சொல்லிக்கொடுத்த வரிசையில், ஒரு படி தவறாமல்.

என்னை நேரில் விசாரித்த குழு இப்போது எழுத்துமூலமும் விளக்கம் கேட்டிருக்கிறது. சுருக்கமாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். சுருக்கமாக எழுதினால் நான் மோசமானவனாகத் தெரிவேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளை நர்சிங், மருந்தியல், பரிசோதனைக்கூடப் படிப்புகளுக்குத் தயார் செய்கிற வகுப்பு ஒன்றை எட்டு வருடமாக நடத்துகிறேன். மருத்துவமனையின் பின்பக்கம், துணி வெளுக்கும் கட்டடத்துக்கு மேலே இரண்டு அறைகள். கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசை அதிரும். உயிரியலும் வேதியியலும் பாதி நேரம். மீதிப் பாதி நேரம், வசதியான வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராமலே வந்துவிடுகிற விஷயங்கள். டாக்டர் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளாமல் நடப்பது எப்படி. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது எப்படி. நேர்முகத் தேர்வில் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் தலையைக் குனியாமல் பதில் சொல்வது எப்படி. இந்தக் கடைசிப் பாடத்துக்கு மட்டும் மூன்று வாரம் பிடிக்கும்.

வகுப்பு செப்டம்பரில் தொடங்கும். பிப்ரவரியில் மருத்துவமனை எங்களுக்கு இருபத்திரண்டு பேருக்கு ஆறு மாத வார்டு பயிற்சி தரும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் எந்தக் கல்லூரியும் எங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காது. நாங்கள் நிரப்பாத இடத்தை மறுநாளே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். முதல் வருடம் இரண்டு இடம் விட்டோம். ஒன்றில் ஒரு பல் மருத்துவரின் மகன் வந்து நின்றான். நல்ல பையன்தான். அவனுக்கு அந்த இடம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் அந்த விதி வந்தது. வார்டுக்குள் காலெடுத்து வைக்கும் எவரும் ஹெபடைடிஸ் பி-க்கு மூன்று தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பிறகு ரத்தத்தில் எதிர்ப்பு அளவு பத்துக்கு மேல் இருக்கிறது என்று பரிசோதனை அறிக்கை கொடுக்க வேண்டும். நியாயமான விதி. நானே ஆதரித்தேன். ஆனால் மூன்று ஊசி போட்டு முடிக்க ஆறு மாதம், பரிசோதனைக்கு இன்னும் ஒரு மாதம், ஆக ஏழு மாதம் வேண்டும். செப்டம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் இருப்பது ஐந்து மாதம். பிறந்தபோதே ஊசி போட்டு, அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அட்டையும் கிடையாது, பலருக்கு ஊசியும் கிடையாது. விதி எல்லோருக்கும் பொது. தடுக்கி விழுந்தது எங்கள் பிள்ளைகள் மட்டும்.

பயிற்சியை இரண்டு மாதம் தள்ளிவைக்கச் சொல்லி நான்கு கடிதம் எழுதினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்த பதில், படித்துப் பார்த்தால், முதல் கடிதத்துக்கானது. நான்காவது கடிதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போனேன்.

"தேதிய மாத்தணும்னா கமிட்டி கூடணும் சார்," என்றார் எழுத்தர்.

"கமிட்டி எப்பங்க கூடும்?"

"அதுக்கு ஒரு தேதி வேணும்ல."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

அந்த வருடம் விதிப்படியே நடந்தேன். நான்கு பேரை நிறுத்திவைத்து, ஊசியை முறையாகப் போட்டு, அடுத்த வருடம் வாருங்கள் என்றேன். நான்கு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அவர்களில் ஒருத்தி, உடற்கூறியலில் எங்கள் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள். ஒன்றரை வருடம் கழித்து ஒரு துணிக்கடையில் சட்டை எடுக்கப் போனேன். கல்லாவில் அவள் இருந்தாள். என்னைத் தெரியாதவள் மாதிரிச் சட்டையை மடித்தாள். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே, "பில் போட்டுடவா சார்?" என்று கேட்டாள். அந்த 'சார்', கடைக்கு வருகிறவர்களை அழைக்கும் சார் இல்லை. வகுப்பில் கூப்பிட்ட அதே சார்.

அந்தச் சட்டையை நான் போடவே இல்லை. குழுவுக்கு இது தேவையில்லாத தகவல் என்று தெரியும்.

மூன்றாம் வருடம் ஒரு மாணவனுக்கு எதிர்ப்பு அளவு எட்டு வந்தது. மூன்று ஊசியும் முறையாகப் போட்டவன். இரண்டு புள்ளிதான் குறைவு. நான் முன்பு வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில்தான் எங்கள் பிள்ளைகளின் ரத்தத்தைக் கொடுப்பது வழக்கம். அங்கே ஆள் குறைவு என்பதால் முதலாளி முடிவுகளைப் போனில் சொல்வார். அவர்களுடைய அச்சடித்த தாளில் நானே தட்டச்சு செய்து, அவருடைய முத்திரையைக் குத்திக்கொள்வேன். பழக்கத்தில் வந்த ஏற்பாடு. எட்டுக்கு முன்னால் ஓர் ஒன்றைச் சேர்த்தேன். பதினெட்டு. அந்த மாணவன் இன்று அறுவைசிகிச்சைப் பிரிவில் செவிலியனாக இருக்கிறான். அவனைப் பற்றி யாரும் இதுவரை ஒரு புகாரும் சொன்னதில்லை.

நான்காம் வருடம் இரண்டு ஊசி மட்டும் போட்டிருந்த மூன்று பேர். ஐந்தாம் வருடம் ஐந்து பேர். ஒரு முறை செய்ததற்கும் பலமுறை செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று குழுவில் ஒருவர் கேட்டார். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காரணம் ஒன்றேதான். இன்று நூற்று முப்பத்தொரு பேர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். முதல் இரண்டு வருடங்களைத் தவிர எந்த வருடமும் நாங்கள் ஓர் இடத்தைக்கூட விட்டதில்லை.

இனி அந்த மாணவியைப் பற்றி.

வகுப்பில் எல்லோரும் அவளை 'வக்கீல்' என்று கூப்பிட்டார்கள். எதற்கெடுத்தாலும் வாதாடுவாள். நோயாளி சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும் என்று நான் பாடம் நடத்தினால், "அவரு பொய் சொன்னா சார்?" என்பாள். பொய் சொன்னாலும் கேட்க வேண்டும் என்றால், "அப்ப எழுதும்போது பொய்யவா எழுதறது?" என்பாள். பின்வரிசையிலிருந்து யாராவது, "கனம் நீதிபதி அவர்களே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அதே கேள்வியை மறுபடி கேட்பாள்.

அவளுடைய அம்மா மூன்று வீடுகளில் துணி தேய்க்கிறவர். அப்பா இல்லை. தம்பி பள்ளிக்கூடம் போகிறான். நர்சிங் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் விடுதியில் தம்பியையும் வைத்துக்கொள்ளலாமா என்று விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கேட்டவள்.

செப்டம்பரில் எல்லோருக்கும் நான்தான் ரத்தம் எடுத்தேன். இருபத்திரண்டு பேரில் பத்துப் பேருக்கு எதிர்ப்பு இல்லை. அவளுடைய அளவு இரண்டு. இரண்டுக்கு முன்னால் ஓர் ஒன்றும் ஒரு நான்கும் போட்டேன். நூற்று நாற்பத்திரண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி பதினெட்டு, பத்தொன்பது என்று வந்தால் யாருக்காவது சந்தேகம் வரும்.

முடிவைச் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை.

"ஊசியே போடாம எப்படி சார் எதிர்ப்பு வந்துச்சு?"

"சின்ன வயசுல போட்டிருப்பாங்கம்மா."

"எங்கம்மா போடலன்னு சொல்றாங்க."

"அவங்களுக்கு ஞாபகம் இருக்காது."

அடுத்த நாள் அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த அம்மா வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நாலு வீடு மாறிட்டோம் சார். எந்த வீட்ல இருக்கும்போது போட்டாங்களோ என்னமோ. எனக்கு நெனப்பு வரல," என்றார். போடவில்லை என்று முதல்நாள் உறுதியாகச் சொன்னவர், என் மேசைக்கு முன்னால் நின்றதும் நினைவில்லை என்றார். படித்தவன் ஒருவன் தாளைக் காட்டிச் சொன்னால் தங்கள் ஞாபகத்தையே சந்தேகப்படுகிறவர்கள் இவர்கள். இதை மாற்றத்தான் நான் வகுப்பே நடத்துகிறேன்.

மார்ச் ஒன்பதுக்கு வருகிறேன்.

பதினொன்றேகாலுக்கு எனக்குப் போன் வந்தது. அவளுடைய கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். தொற்றுத் தடுப்புப் பிரிவில் ஒரு மேசை, ஒரு சிறிய ஃபிரிட்ஜ், மூன்று நாற்காலி. வக்கீல் விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொற்றுத் தடுப்பு சிஸ்டர் என்னைவிட மூத்தவர், யாரிடமும் குழைந்து பேசாதவர். மேசைமேல் ஒரு சிறு குப்பி ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அது உடனடிப் பாதுகாப்பு ஊசி. எதிர்ப்பு இல்லாத ஒருவருக்கு இப்படிக் குத்தினால், முடிந்தால் அன்றைக்கே, தப்பினால் ஏழு நாளுக்குள் போட வேண்டும். கூடவே தடுப்பூசியையும் தொடங்க வேண்டும். பெரும்பாலும் நோய் வராமல் தடுத்துவிடும்.

"அந்த பேஷண்ட்டுக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு சார். இவளோட ரிப்போர்ட் எங்க?" என்றார் சிஸ்டர்.

கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"நூத்தி நாப்பத்திரண்டு. அடி போடி, பயமுறுத்திட்டியே. உனக்கு இருக்கற எதிர்ப்புல பாதி எனக்கு இல்ல. போய் டீ குடி."

அவள் எழுந்திருக்கவில்லை. "எதுக்கும் ஒருதடவ ரத்தம் எடுத்துப் பாத்துடலாமா சிஸ்டர்?"

"வக்கீலம்மா ஆரம்பிச்சுட்டாங்க," என்று சிஸ்டர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எடுத்துட்டா என்ன சார்? பிள்ள பயப்படுறா. வேணும்னா இந்த ஊசியையும் போட்டுடலாம், கெடுதல் இல்ல."

இந்த இடத்தில் குழு என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. நான் சொன்னது இதுதான்: "தேவையில்ல சிஸ்டர். ஸ்டாக் கம்மியா இருக்கு. நிஜமா தேவைப்படறவங்களுக்கு வச்சுக்கங்க."

சிஸ்டர் அந்தக் குப்பியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தார்.

ரத்தம் எடுத்திருந்தால் இரண்டு என்று வந்திருக்கும். இரண்டு என்று வந்தால் மற்ற இருபத்தொரு பேரின் கோப்பையும் பிரிப்பார்கள். அடுத்து, வேலையில் இருக்கும் நூற்று முப்பத்தொரு பேரை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். அங்கிருந்து திரும்பி நடக்கும்போது மனக்கணக்குப் போட்டேன். இப்படிக் குத்தினால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நோய் ஒட்டும். ஒட்டினாலும் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் தானாகவே தேறிவிடுவார்கள். உயிருக்கு ஆபத்து வருவது நூற்றில் ஒருவருக்கு. ஆக, நானூறில் ஒன்று. ஒரு தட்டில் நானூறில் ஒன்று. இன்னொரு தட்டில் நூற்றைம்பது குடும்பம். நிதானமாக யோசிக்கிற எவரும் என் முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

அது ஒரு கணத்தில் எடுத்த முடிவு, பதற்றத்தில் சொல்லிவிட்டேன் என்று என் தம்பி எழுதச் சொன்னான். அப்படி எழுத முடியாது. ஏழு நாள் இருந்தது. என் மேசையிலிருந்து அந்த ஃபிரிட்ஜுக்கு, படி இறங்கி முற்றத்தைக் கடந்தால், இருநூறு அடி.

புதன்கிழமை அவள் வகுப்பு முடிந்து கடைசி ஆளாக நின்றாள்.

"சார், நெசமாவே எனக்கு எதிர்ப்பு இருக்கா?"

"இருக்கு."

"நீங்களே மிஷின்ல பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"அப்ப சரி," என்று பையை மாட்டிக்கொண்டாள். அவள் வாதாடாமல் ஒத்துக்கொண்டதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

சனிக்கிழமை அவளுடைய அம்மா போன் செய்தார். யாருடைய வீட்டிலோ நின்றுகொண்டு பேசினார், குரலைத் தாழ்த்தியிருந்தார். "தப்பா நெனக்காதீங்க சார். அந்த ஊசி போட்ட மாதிரி எனக்கு எவ்வளவு யோசிச்சும் தெரியல. மனசு கெடந்து அடிச்சுக்குது."

"ரத்தம் பொய் சொல்லாதும்மா," என்றேன்.

"அதுவும் சரிதான் சார். நீங்க இருக்கீங்க, பாத்துப்பீங்க."

பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஏழு நாள் முடிந்தது. நான் அப்போது வகுப்பில் கல்லீரலைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்திட்டத்தில் அந்த வாரம் அதுதான்.

ஏப்ரல் எந்தக் குறையும் இல்லாமல் போனது. நானூறில் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பக்கம் நாங்கள் இருக்கிறோம் என்று நினைத்தேன். மே மாதம் இருபத்தாறாம் தேதி கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க அவள் என் அறைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். நான் தாளைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

"சார், கொஞ்சம் நிமிந்து பாருங்க. என் கண்ணு மஞ்சளா இருக்குல்ல?"

குழல்விளக்கு வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும் என்றேன்.

"இல்ல சார். வெளியில நின்னு கண்ணாடியில பாத்துட்டுத்தான் வர்றேன். சாப்பாடு பிடிக்கல. யூரினும் ஒரு மாதிரி கலரா போகுது. நீங்க நடத்துன பாடந்தான். மூணும் சரியா இருக்கு."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று மாலையே அவள் தானாகப் போய் அந்த சிஸ்டரிடம் ரத்தம் கொடுத்தாள். சிஸ்டர் முடிவை மூன்று முறை பார்த்துவிட்டுப் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து செப்டம்பர் மாதப் பதிவேட்டைப் படிக்கச் சொன்னார். இரண்டு என்று படித்தார்கள்.

ஜூன் பதினொன்றாம் தேதி அவள் நினைவிழந்தாள். பதினான்காம் தேதி விடியற்காலை இறந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அன்று பணியில் இருந்த இரண்டு செவிலியரில் ஒருவர் எங்கள் வகுப்பில் படித்தவர். அவர் வேலை பார்த்த விதத்தில் ஒரு குறையும் இல்லை; நானே கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தேன்.

குழு கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு நான் அன்று வாய்மொழியாகப் பதில் சொல்லவில்லை. பொய் அறிக்கையைக் கொடுத்தீர்கள், சரி. செப்டம்பரிலேயே ஊசியையாவது போட்டிருக்கலாமே, தடுப்பூசி அதே கட்டடத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, பிப்ரவரிக்குள் இரண்டு ஊசி முடிந்திருக்குமே என்று கேட்டீர்கள்.

ஆரம்பத்தில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு ஊசியிலேயே பலருக்கு எதிர்ப்பு வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஐந்தாம் வருடம் ஒரு மாணவன் வார்டில், சிஸ்டர் காதுபட, "சார், எனக்கு மூணாவது ஊசி எப்ப?" என்று கேட்டுவிட்டான். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எதிர்ப்பு இருப்பதாக அறிக்கை உள்ள பிள்ளைக்கு ஊசி எதற்கு என்ற கேள்வி யாருக்கும் வரும். வக்கீலைப் போன்றவர்களுக்கு நிச்சயம் வரும். அதனால் அதற்கு அடுத்த வருடத்திலிருந்து ஊசி போடுவதை நிறுத்தினேன். கடந்த மூன்று வருடத்தில் நான் அறிக்கை மாற்றிய இருபத்தாறு பேருக்கும் ஓர் ஊசிகூடப் போடவில்லை. சின்ன வயதிலேயே போடப்பட்டுவிட்டதாக அவர்களிடம் சொன்னேன். எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

மீதி ஒன்பது பேரையும் வார்டிலிருந்து வெளியேற்றிவிட்டீர்கள். அவர்களில் ஒருத்தி படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். "எங்ககிட்ட சொல்லியிருந்தா ஒரு வருஷம் காத்திருந்திருப்போமே சார். அது எங்க வருஷந்தானே?" என்றாள். காத்திருக்கிறேன் என்று சொன்னவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. நான் பார்த்தவன். அவள் வழியைவிட்டு விலகி நின்றாள், நான் இறங்கினேன்.

சிஸ்டர் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார். பரிசோதனைக் கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். வேலையில் இருக்கும் பழைய மாணவர்களிடம் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்றுவரை பார்த்ததில் இருவருக்கு நோய் இருப்பது தெரிந்திருக்கிறது. இருவரும் அறிக்கை மாற்றப்பட்டவர்கள். இந்த வாக்குமூலத்தில் உள்ளவை அனைத்தும் உண்மை என்றும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியது என்றும் உறுதி கூறுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். பயிற்சி முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பத்து இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. காத்திருப்போர் பட்டியலிலிருந்து தகுதியுள்ள பத்துப் பேரின் விவரங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் உள்ளன. எல்லோருடைய அளவும் நூறுக்கு மேல் இருக்கிறது.